குலைத்தெழுதுவது சூழ்ச்சியா?

மெமரி கார்டில் நாம் பதியும் தரவை அதன் கட்டுப்படுத்தி குலைத்தெழுதுவது, பழுதானபின் கல்முனைக் கடைகளில் எவரும் மீட்டுவிடாதபடி உற்பத்தியாளர் செய்யும் சூழ்ச்சியே என்று நண்பர் வாதிக்கிறார். சிப்பைக் கழற்றி நேரே வாசித்து, நிக்காஹ் படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் அர்த்தமற்ற இலக்கக் குவியலைக் கண்டவரின் ஆத்திரம் நியாயமானதே. ஆனால் அதிலிருந்து அவர் செய்யும் அனுமானம் முற்றிலும் தவறு.

1980களில் தோஷிபாவில் புஜியோ மசுவோக்கா உருவாக்கிய, மெமரி கார்டுகளில் பயன்படும் பிளாஷ் நினைவகத்தில், ஒவ்வொரு எழுத்தும் அழிப்பும் இலத்திரன்களை மெல்லிய ஒட்சைட்டுப் படையினூடாகப் பலவந்தமாகச் செலுத்துவதால் அப்படை சிறிது சிறிதாகச் சிதைகிறது. ஒரே வடிவத் தரவு திரும்பத் திரும்ப எழுதப்பட்டாலோ, உயர்ந்த ஏற்றத்தைத் தாங்கும் அதே கலங்களே சதா தேய்ந்து, அயற்கலங்களின் நிலையையும் குழப்புகின்றன. பக்கத்தின் முகவரியிலிருந்து பிறப்பிக்கப்படும் எழுமாற்றுத் தொடரொன்றோடு தரவைப் பிட்டுக்குப் பிட்டு கலந்து எழுதும்போது, அந்தப் பாரம் எல்லாக் கலங்களுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்படுகிறது. அதே தொடரை மீளக் கலந்தால் மூலம் அப்படியே திரும்பிவிடும். இரகசியம் காப்பது இதன் நோக்கமே அல்ல. ஒரு கலத்தில் 3 பிட்டுகளை 8 மின்னழுத்த நிலைகளாக நெருக்கிவைக்கும் இக்காலச் சிப்புகள் இம்முறையின்றி நெடுநாள் நில்லா.

நண்பர் கண்டிக்கவேண்டியது இம்முறையை அல்ல, அத்தொடரின் விபரத்தைப் பழுதுபார்ப்போருக்குத் தர மறுக்கும் உற்பத்தியாளரை. அந்தக் கோரிக்கையில் நானும் அவரோடு கையொப்பமிடுவேன்.