காதிரைச்சலும் பேரருவியும்

ஆனி பிறந்து, மலை முகடுகளில் மேகம் கவிந்து, செங்கோட்டைக் கணவாயின் வழியே ஈரக் காற்று தென்காசி வீதிகளில் புகத் தொடங்கியதும் குற்றாலத்தை நாடி வருகிறவர்கள் எல்லோரும் ஸ்நானத்துக்காக வருகிறார்கள். நான் போவது வேறொரு பிரயோஜனத்தை உத்தேசித்து. பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து நிறைந்து, மறுபடியும் பாறை வழியே இறங்குகிற பேரருவியின் எதிரே போய் நின்றால், என் இடது செவிக்குள் இரவும் பகலும் ஓயாமல் கேட்கிற சப்தம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. நான் அறிந்த இடங்களுள் எனக்கு மௌனம் கிடைக்கிற இடம் இவ்வளவு பெரிய ஆரவாரத்தின் நடுவில்தான் அமைந்திருக்கிறது.

அந்தச் சப்தம் தொடங்கிய விதம் இது. இடது காதில் குறும்பி திரண்டு அடைத்துக்கொண்டதால், ஒரு சிகிச்சை நிலையத்தில் அதை எடுத்துக்கொண்டேன். பீச்சுகுழலால் நீரைப் பாய்ச்சினார்கள், அடைப்பு நீங்கிற்று. அன்றிரவு வீடு அடங்கிய பிறகு சில்வண்டு கத்துவது போன்ற ஓர் ஒலி கேட்டது. தோட்டத்தில் என்று எண்ணிச் சன்னலைச் சாத்தினேன், நிற்கவில்லை. விரலால் காதை அடைத்தேன். முன்னைவிட உரத்துக் கேட்டது. அப்போதுதான் அது எனக்குள்ளேயே இருக்கிறது என்று விளங்கியது.

குறும்பியை வெறும் அழுக்கு என்று நினைக்கிறோம். காதின் தோலைக் காப்பதும், தூசியையும் சிறு பூச்சிகளையும் தடுப்பதும், தாடையின் அசைவால் தானே மெல்ல வெளியேறுவதும் அதன் ஸ்வபாவம். பஞ்சுக்குச்சியால் குடைகிறபோதுதான் அது உள்ளே தள்ளப்பட்டு இறுகிப்போகிறது. இறுகியதை எடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலோருக்கு அதனால் சௌகரியமே உண்டாகிறது. முன்பு இரைச்சல் இருந்தவர்களுக்கும் பல சமயங்களில் தணிந்துவிடுகிறது. ஆயினும் நீரின் வேகம் மிகுந்தால் செவிப்பறை ஊறுபடலாம்; நீர் நம் உடற்சூடாகிய 37 டிகிரியை ஒத்திராவிட்டால் தலை சுற்றும்; நீருக்குப் பதிலாக உறிஞ்சுகுழாயால் எடுத்தாலோ, அது செவிப்பறையின் வெகு அருகில் பெருஞ்சப்தம் எழுப்பும். என்னைப் போன்ற சிலருக்கு இவற்றைத் தொடர்ந்து இரைச்சல் தோன்றிவிடுகிறது. செவிப்பறையில் துவாரம் இல்லை என்று வைத்தியர் பார்த்து உறுதி செய்த பின்பு, சில நாட்கள் சொட்டு மருந்து விட்டு இளக்கிப் பிறகு எடுப்பதே நிதானமான முறை. அந்த நிதானத்தைக் கேட்டுப் பெற நோயாளிக்குப் பூரண உரிமை உண்டு.

இந்தக் காதிரைச்சல் உபாதை புதிதன்று. சுசுருதர் காது நோய்களின் வரிசையில் கர்ணநாதத்தைச் சொல்லியிருக்கிறார். பேத்தோவன் 1801-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் காதுகள் இரவும் பகலும் இரைவதைக் கூறி வருந்தினார். செக் நாட்டு இசைமேதை ஸ்மெத்தானா, 1876-இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்காக இயற்றிய படைப்பின் இறுதிப் பகுதியில், செவிப்புலனை இழக்குமுன் தம் காதில் ஒலித்த உச்ச ஸ்தாயி ஸ்வரத்தையே வயலினில் நீள ஒலிக்க வைத்தார். வேதனையை மறைக்காமல் சபையின் நடுவே வைத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் பிறக்கிறது.

செவியின் உட்பகுதியில் நத்தைச் சுருளாக அமைந்த உறுப்பில் சுமார் 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் உண்டு. கெட்டால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் செய்தி குறைந்தால் மூளை தன் கேட்கும் ஆர்வத்தைக் கூட்டிக்கொள்கிறது என்றும், அவ்வாறு கூட்டியதால் எழுவதே இரைச்சல் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், செவிக்குறை இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் இருத்திப் பார்த்தபோது, நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சப்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அவர்கள் அதைக் கேட்டார்கள், வெளியே வந்தார்கள், மறந்திருப்பார்கள்.

1970-களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஜாக் வெர்னான் என்னும் செவியியல் அறிஞர், இந்த உபாதையால் வருந்திய சார்லஸ் யூனிஸ் என்னும் மருத்துவரோடு நடந்து போகையில், ஒரு நீரூற்றின் அருகே வந்ததும் மருத்துவரின் காதிரைச்சல் மறைந்துபோயிற்று. ஒலியால் ஒலியை மறைக்கும் சிறு கருவிகளைக் காதில் அணியச் செய்யலாம் என்ற யோசனை வெர்னானுக்கு அங்கேதான் உறுதிப்பட்டது. இதைப் படித்த அன்று, கடல் கடந்த ஊரிலிருந்து ஒருவர் என்னோடு பேரருவிக்கு வந்துவிட்டுப் போனதாகவே எனக்குத் தோன்றிற்று.

ஆனால், அருவி ஆண்டு முழுவதும் விழுவதில்லை. பங்குனியிலும் சித்திரையிலும் பாறை காய்ந்து கிடக்கும். சாரல் நாட்களிலுங்கூட, திரும்பும் பேருந்து மேலகரம் தாண்டுவதற்குள் பழைய ஒலி காதில் வந்து அமர்ந்துவிடும். தென்காசியின் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாயிலில் வீசுகிற பெருங்காற்றும் அப்படித்தான்; நிற்கிறவரையில் காக்கும், அவ்வளவே.

ஒருநாள் பேரருவியின் அருகே எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் ஒருவரிடம், நாள் முழுவதும் இந்த ஓசையில் இருப்பது சிரமமாக இல்லையா என்று கேட்டேன்.

“எந்த ஓசை அண்ணாச்சி? அது பாட்டுக்கு விழுது. வரத்து கொறைஞ்சாத்தான் காதுல படும்” என்றார்.

போலந்தில் பிறந்த ஜாஸ்ட்ரெபாஃப் என்னும் ஆராய்ச்சியாளர் காதிரைச்சலைப் பற்றி 1990-இல் வெளியிட்ட கொள்கையின் சாரத்தை அந்தப் பெரியவர் தம் ஜீவிதத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு சப்தத்தை ஆபத்தின் அறிகுறி என்று மனம் கொள்கிறவரையில் மூளை அதைக் காவல் காத்துக்கொண்டே இருக்கும். அதில் அச்சப்பட ஏதுமில்லை என்று பழகிவிட்டால், ஒலி இருந்தாலும் கவனம் அதன்மேல் தங்குவதில்லை. இப்பழக்கம் ஒரே இரவில் வாய்ப்பதன்று. பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை முழு நிசப்தத்தில் உட்காராமலிருப்பது நல்லது. நான் இரவில் மின்விசிறியைச் சுழலவிட்டு, வானொலியில் நாகசுரத்தை மெல்ல வைத்துக்கொள்கிறேன். இரைச்சல் முழுவதும் மூழ்கிப்போகாமல், அதன் பக்கத்தில் இன்னொரு ஒலியும் இருக்கும் அளவில்.

“இதற்கு மருந்தில்லை, போய் வாருங்கள்” என்று நோயாளியை அனுப்பிவிடுகிற வழக்கத்தை நான் மனமார வெறுக்கிறேன். இரைச்சலை அறவே ஒழிக்கும் மாத்திரை இல்லை என்பது மெய். ஆனால், செவித்திறன் சோதனை உண்டு; குறை இருந்தால் கேட்புக்கருவி உண்டு; பயத்தைத் தணிக்கும் ஆலோசனைச் சிகிச்சை உண்டு. இவற்றைச் சொல்லாமல் முதற்பாதியை மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட மனிதன் அன்றிரவு எப்படித் தூங்குவான்?

எதிர்வீட்டு இளைஞர் இன்று மாலை வந்தார். நேற்று முன்தினம் குறும்பி எடுத்தாராம். நேற்றிலிருந்து வலது காதில் இரைச்சல், அதோடு கேள்வியும் மந்தம். இரைச்சல் மட்டுமென்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருப்பேன். திடீரென்று கேள்வி குறைவது அவசரம். அது உட்செவியின் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்து முதற்சில நாட்களுக்குள் கிடைத்தால்தான் பயன் மிகுதி. நாளைக் காலை முதல் பேருந்தில் அவரும் நானும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகிறோம்.