காதால் அளக்கும் சட்டம்

பறிமுதல் செய்த சைலன்சர்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சி நம் நாட்டு நகரங்களில் வழக்கமாகிவிட்டது. வாகன அலறலால் உறக்கம் கெட்டவர்களுக்கு அது ஆறுதல். எனக்கும் ஆறுதல்தான், ஆனால், முழுமையாக அல்ல. நானும் ஒரு காலத்தில் அத்தகைய குழாய் ஒன்றைச் செய்தவன்.

பாலிடெக்னிக்கில் பயின்ற நாள்களில், தந்தையின் பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டருக்காக இரும்புத் தகட்டைக் கூம்புகளாகச் சுருட்டிப் பற்றவைத்தேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் துவாரத்தை அடைக்கத் தனி வால்வு கிடையாது. புகையோடு புதிய எரிபொருள் கலவையும் சிறிது நழுவிவிடும். குழாய் விரியும் பகுதியில் உண்டாகும் அழுத்தக் குறைவு புகையை உறிஞ்சுகிறது; அது மீண்டும் குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, நழுவிய கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அலை உரிய நொடியில் திரும்புவது குழாயின் நீளத்தைப் பொறுத்தது.

இது எளிதில் கிட்டிய அறிவன்று. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்ட்டர் காடன் இதைச் செம்மைப்படுத்தினார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பிச்சென்று, அந்த நுட்பத்தை சுசுகியிடம் சேர்த்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகி வண்டியில் வந்த டெக்னருக்குக் கிட்டியது.

என் குழாயோ மூன்றாம் நாளே பிஸ்டனை இறுக்கிவிட்டது. வால்பகுதியின் துளையைக் குறுக்கியதும், கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாததும் என் பிழைகள். தந்தை ஒரு வாரம் பேருந்தில் அலுவலகம் சென்றார்.

இன்று சைலன்சரின் உள்தடுப்பைப் பிடுங்கி எறிபவருக்கு இக்கணக்கு எதுவும் தேவையில்லை. அவர் வேண்டுவது சத்தம் மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி வரம்பை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை. சட்டம் போதிய அளவு கடுமையானதே. குறை அதைச் செயல்படுத்தும் முறையில் இருக்கிறது. 80 முதல் 175 சிசி வரையிலான புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஆலையில் 77 டெசிபல் என்று துல்லியமாக வரம்பிட்டுவிட்டு, சாலையில் அதிகாரியின் காதையே கருவியாகக் கொள்கிறோம். அதனால் சத்தமே எழுப்பாத பழைய வண்டியின் மாற்றுக் குழாயும் சிக்குகிறது; பணம் பெற்று உள்தடுப்பை அகற்றித்தரும் கடை மறுநாளும் திறந்திருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக் புகைக்காக நான் வாதாடவில்லை. 2000ஆம் ஆண்டின் மாசு விதிகள் அதை ஓரங்கட்டியது நியாயமே. சோதித்துப் பார்க்க விழையும் மாணவருக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. ஆண்டுக்குச் சில நாள்களேனும் பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு அவற்றைத் திறந்துவிடலாம். சாலையிலோ, ஒவ்வொரு சோதனைக் குழுவிடமும் ஒலிமானி இருக்க வேண்டும். அபராதச் சீட்டில் பிரிவு எண்ணுக்குப் பக்கத்தில் டெசிபல் அளவும் அச்சாக வேண்டும்.