வாதாபி வென்றவர் வீடு திரும்பினார்

சில கிழமைகளுக்கு முன்னர் மாணவர் பேச்சுப் போட்டியொன்றிற்கு நடுவருள் ஒருவனாய் அமர்ந்திருந்தேன். பேசுபொருள் சங்ககால வீரம். பேசிய பிள்ளைகள் எல்லாரும் எவ்வழியாகச் சென்றாலும் ஈற்றிலே புறநானூற்று 279 ஆஞ் செய்யுளில் வந்து சேர்ந்தார்கள். தமையனையுங் கணவனையும் போரிலே பறிகொடுத்த ஒரு தாய், மறுபடியும் பறையொலி கேட்கின்றாள். இருப்பவன் ஒரே மகன், சிறுவன். அவன் தலைமயிரில் எண்ணெய் பூசிச் சீவி, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்குப் போ என்கின்றாள். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். கைதட்டலும் இருந்தது.

கூட்டங் கலைந்தபின் என் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து அருகில் நின்றான். அவன் பேச்சாளன் அல்லன்; கதிரை அடுக்க வந்தவன். “ஐயா, சண்டை பிடிக்க நல்லாத் தெரிஞ்சவன் ஒருத்தன் பிடிக்க மாட்டன் எண்டு சொன்னால், அவன் கோழையோ?” என்று கேட்டான்.

கேள்வியின் வேர் எனக்குத் தெரியும். அவன் குத்துச்சண்டையிலே மாகாணப் பதக்கம் பெற்றவன். ஓய்ந்த பேச்சும் சாய்ந்த நடையுமுடைய அப்பையன் கையுறை அணிந்தால் வேறொருவனாகி விடுகின்றான் என்று பார்த்தவர்கள் சொல்லுவார்கள். கொழும்பிலே மேற்பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். அவன் போகமாட்டேன் என்றான். தகப்பனாரோடு வெங்காயத் தறையைப் பார்க்கப் போகின்றானாம். ஆசிரியர் அறையிலே இதனைப் பற்றிப் பேசாத நாளில்லை. “கைக்கு வந்த பேற்றைக் காலால் உதைக்கிறான்” என்றார் ஒருவர். அன்று யானும் அதற்குத் தலையசைத்தவன்தான். ஆகவே பையனுக்கும் வாத்தியாருக்குரிய விடை ஒன்றைச் சொன்னேன். திறமை இறைவன் தந்தது, அதனை வீணாக்குதல் தகாது என்றேன். அவன் “ஓம் ஐயா” என்று சொல்லிக் கதிரை அடுக்கப் போய்விட்டான்.

சொன்ன விடை எனக்கே பிடிக்கவில்லை. அன்றிரவு பெரிய புராணத்தை எடுத்துச் சிறுத்தொண்ட நாயனார் புராணத்தை விரித்தேன்.

பரஞ்சோதியார் வரலாறு தெரியாதவர் நம்மிடையே இல்லை. செங்காட்டங்குடியிலே மாமாத்திரர் குலத்திற் பிறந்தவர். ஆயுள்வேதமும் வடநூற் கலைகளும் படைக்கலத் தொழிலும் கற்றவர். யானையேற்றங் குதிரையேற்றங்களில் தேர்ந்தவர். மன்னவனுக்காக வடபுலஞ் சென்று வாதாபியைத் துகளாக்கி, மணிகளும் நிதிக்குவையும் யானைகளும் குதிரைகளுங் கொண்டுவந்து கொடுத்தார். மன்னவன் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. வாதாபி என்ற பெயரைக்கொண்டே அவன் முதலாம் நரசிங்கவர்மன் என்றும், ஆண்டு கி.பி. 642 என்றும் வரலாற்றாசிரியர் துணிந்தனர். பல்லவர் செப்பேடுகளிலோ மன்னவன் பெயர் உண்டு. படைத்தலைவர் பெயர் இல்லை. கூரம் செப்பேடு, புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகைப் பட்டயமாக்கி வெற்றி என்னும் எழுத்துக்களை நரசிங்கவர்மன் பொறித்தான் என்று பாராட்டும். அந்த எழுத்தைப் பொறித்த கை யாருடையது என்று சொல்லாது. செப்பேடுகளின் இயல்பே அது. (வாதாபியிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்தார் என்பது செவிவழிச் செய்தி. சேக்கிழார் எண்ணிக் காட்டிய பொருள்களுள் பிள்ளையார் இல்லை.)

நாம் அறியாதது இவ்வளவும் அன்று. இதற்கடுத்த பகுதியைத்தான் அறியாதவர் போல் தாண்டிப் போகின்றோம். புராணப் படிப்புக்களிலே வாதாபி முழங்கும். அது முடிந்தவுடன் வைரவ வேடத்தில் வந்த அடியாரும் பிள்ளைக்கறியும். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கின்றார். அதைச் சொல்ல எவருக்கும் நேரமில்லை. 1944 இலே சிவகாமியின் சபதத்தைத் தொடங்கிய கல்கி, கல்வி கற்கக் காஞ்சிக்கு வந்த இளைஞனாகப் பரஞ்சோதியை அழைத்துவந்து, வந்த அன்றே மதயானைமேல் வேலெறிய வைத்தார். அந்த வேலை மறந்த வாசகர் இல்லை. அதே பரஞ்சோதி ஈற்றிலே சேனாபதிப் பொறுப்பைத் துறப்பதையும் கல்கி காட்டினார். அதனை நினைத்திருப்பவர் எத்தனை பேர்?

சேக்கிழார் அந்த இடத்தை எவ்வளவு கவனமாக அமைத்தார் என்பதைப் பாருங்கள். வெற்றிப் பொருளைக் கண்ட மன்னவன் பரஞ்சோதியாரின் ஆற்றலை வியக்கின்றான். இவர் சிவனடியார், ஆதலின் இவருக்கு எதிர் இல்லை என்கின்றனர் அமைச்சர். மன்னவன் மகிழவில்லை, நடுங்குகின்றான். அடியாரைப் போர்முகத்தில் விட்டேனே, பொறுத்தருள வேண்டும் என்று வேண்டுகின்றான். அதற்குப் பரஞ்சோதியார், என் உரிமைத் தொழிலைச் செய்தேன், அதனால் வந்த தீங்கு என்ன என்று விடை கூறுகின்றார். போர் பாவம் என்று அவர் கண்ணீர் விடவில்லை. செய்த தொழிலை இகழவுமில்லை. கலிங்கப் போரின்பின் அசோகன் கல்லிலே எழுதுவித்த கழிவிரக்கம் வேறு. அவன் இரங்கிய பின்னும் அரசனாகவே இருந்தான். பரஞ்சோதியாரோ இரங்காமலே எழுந்து போனார். மன்னவன் நிதி கொடுத்து, உம் கருத்துக்கு இசைந்தபடி திருத்தொண்டு செய்யும் என்று விடை கொடுத்து அனுப்பினான்.

இந்த மன்னவனை யாம் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் கருத்து. வென்று வந்த படைத்தலைவனை எந்த அரசன் விடுவான்? அடுத்த போருக்கு யார்? புலிகேசி போனான், சளுக்கர் குலம் போய்விடவில்லை. தன் வலக்கையைத் தானே கழற்றி வைப்பது போன்ற செயல் அது. இதைப் பாடியவர் சோழ அரசிலே அமைச்சராய் இருந்தவர் என்பது மரபு. அரசியலின் உள்ளே இருந்த ஒருவர், அரசன் ஒருவன் தன் ஊழியனை அவன் விருப்பத்துக்கு விட்டுவிடுவதைப் பாடினார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு அச்செய்யுட்கள் புதிதாகத் தோன்றுகின்றன.

அதே நரசிங்கவர்மனிடத்தில் நம் நாட்டு இளைஞன் ஒருவனும் இருந்தான். இரண்டாம் காசியப்பனின் மகன் மானவர்மன். நாட்டை இழந்து காஞ்சியிலே அடைக்கலம் புகுந்தவன். வல்லபன் என்பவனோடு போர் மூண்டபோது, அரசுரிமை மீட்க வந்த இவன் என்பொருட்டுக் களத்தில் மாளலாகாது என்று கருதிய நரசிங்கன் அவனை நகரிலே விட்டுச் சென்றான் என்று சூளவம்சங் கூறும். மானவர்மனோ பின்தொடர்ந்து போய்ப் பொருதான். பின்னர்ப் பல்லவப் படையோடு ஈழத்துக்கு வந்து, முதன்முறை பெற்ற வெற்றி நிலைக்காமல் மறுபடியும் காஞ்சிக்குத் திரும்பி, இரண்டாம் முறை வந்து கி.பி. 684 இல் அநுராதபுரத்து அரசு கட்டிலில் ஏறினான். ஒருவனைப் போருக்கு வாராதே என்றான், அவன் வந்தான். மற்றவரைப் போகலாம் என்றான்; அவர் போனார். மானவர்மனைக் குறை சொல்ல எனக்கு நோக்கமில்லை. அவன் வேண்டியது அரியணை. பரஞ்சோதியார் வேண்டியது வீடு. இருவருக்கும் அவரவர் வேண்டியதைக் கொடுக்கத் தெரிந்திருந்த அரசன் அவன்.

வீடு என்றேன். இங்கே சைவ அன்பர்கள் தடை கூறுவார்கள். பரஞ்சோதியார் சென்றது பத்தியினால்; அமைதியான வாழ்க்கை மேல் ஆசை கொண்டு அன்று என்பார்கள். நல்ல தடை. ஆனால் அந்தப் பத்திக்கு அவர் எந்த இடத்தைத் தெரிந்தார்? காட்டுக்குப் போகவில்லை. காவி உடுக்கவில்லை. பிறந்த ஊருக்கு வந்து, திருவெண்காட்டு நங்கையாரோடு மனையறம் நடத்தினார். நாடோறும் அடியார் ஒருவரையேனும் உண்பித்தே தாம் உண்டார். சீராளர் என்று ஒரு மகன். அவனுக்கு மயிர்வினை செய்து, பள்ளியில் இருத்தினார். வாதாபி வீதியிலே யானை நடத்தியவர், அடியார் முன்னே தம்மைச் சிறியராக்கி நடந்தமையாற் சிறுத்தொண்டர் என்ற பெயர் பெற்றார். மகப்பேறு இதன்பின்பே கூறப்படுதலின், படையை விட்டபோது அவருக்கு இளமை கழிந்திருக்கவில்லை என்று கொள்ளுதல் பொருந்தும். வயது முதிர்ந்து கை தளர்ந்து விட்டதன்று அது.

அதன்பின் நிகழ்ந்ததை யாரும் மறக்க இயலாது. வடக்கிலிருந்து வந்தேன் என்று ஆத்திமரத்தடியில் அமர்ந்த விருந்தினர் கேட்டதைக் கொடுத்தார்கள். அது தகுமா என்று பட்டிமன்றம் நடத்துகின்றார்கள். யான் அந்த மேடைகளில் ஏறுவதில்லை. நாற்பது முறை படித்தும் என் நெஞ்சு அவ்விடத்திற் பின்வாங்குகின்றது. அதை ஒளிக்கவும் மாட்டேன். இங்கே வேண்டியது ஒன்றே. அமைதியான வாழ்வைத் தெரிந்தவன் எளிதான வாழ்வைத் தெரிந்தான் என்று ஆசிரியர் அறையிலே சொல்லுகின்றோமே, சேக்கிழார் அதை ஒப்பவில்லை. வாதாபியை நான்கடியிலே முடித்துவிடலாம். அடுக்களையை அப்படி முடிக்க அவரால் இயலவில்லை. சோதனையெல்லாம் அங்கேதான் வைத்தார். அந்த நடுக்கமான கதையினுள்ளும், தகப்பனார் அழைக்கப் பள்ளிக்குப் போக, சதங்கை ஒலிக்கப் பிள்ளை ஓடிவந்து தழுவ, அவர் தூக்கித் தோளில் வைத்து வருகின்ற காட்சி ஒன்று உண்டு. ஓர் ஆசிரியனாய் அந்தப் பள்ளிவாசலில் நின்று பார்க்கின்றவன் யான். வாள் ஏந்திய தோள் அது.

ஒக்கூர் மாசாத்தியாருக்கு மீளுவோம். அந்த அம்மையார் பெயரால் நமக்குக் கிடைத்த பாட்டுக்கள் எட்டு. புறநானூற்றில் ஒன்று, அகநானூற்றில் 324, 384 ஆகிய இரண்டு, குறுந்தொகையில் ஐந்து. அகநானூற்றிலே நான்கில் முடியும் எண் எல்லாம் முல்லைத்திணை என்பதை மாணவர் அறிவர். ஆகவே அவ்விரண்டும் முல்லை. குறுந்தொகைப் பாட்டுக்களிலும் பெரும்பாலன முல்லையே. மகனைப் போருக்கு அனுப்பியதை ஒருமுறை பாடியவர், போருக்குப் போனவன் வருவதற்காகக் காத்திருப்பதையும் அவன் வந்து சேர்வதையும் மறுபடி மறுபடி பாடினார். 384 ஆம் பாட்டிலே வினை முடித்த தலைவன் வீட்டு வாயிலில் இறங்குகின்றான். இத்துணை விரைவாய் வந்தோமே, குதிரை வடிவிலே காற்றைப் பூட்டினாயோ, உன் மனத்தைத்தான் பூட்டினாயோ என்று பாகனைக் கேட்டு, அவனைத் தழுவி உள்ளே அழைத்துச் செல்லுகின்றான். வீட்டிலிருப்பவள் விருந்து பெற்றாள் என்று பாட்டு முடிகின்றது. களத்திலே அவன் எத்தனை யானை வீழ்த்தினான் என்பது பற்றி ஒரு சொல் இல்லை. எட்டிலே ஒன்றை எடுத்து மேடைக்கு மேடை முழங்கிவிட்டு, மற்றவற்றை ஏட்டிலே உறங்க விட்டோம். தேர்வுக்கும் போட்டிக்கும் பாட்டுத் தெரிபவர் நாமே ஆதலின், இந்தப் பிழை பிள்ளைகளுடையதன்று.

தொல்காப்பியரும் அரசுகட்டிலை விட்டு நீங்குதலை வாகைத்திணையின் துறைகளுள் ஒன்றாக எண்ணினார். வாகையாவது வெற்றி. விட்டு வருதலையும் வெற்றிப் பூச் சூட்டி வைத்த இலக்கணம் நம்முடையது.

1983 தொடங்கி 2009 வரை போர் நடந்த மண்ணிலே வளர்ந்தவர் யாம். என்னோடு ஒரே வாங்கிலே இருந்து படித்தவர்களுள் முல்லைப் பாட்டின் பிற்பகுதி வாய்க்காதவர் பலர். அவர்களுட் கையிலும் காலிலும் அறிவிலும் வல்லவர்கள் இருந்தார்கள். உன் கருத்து என்ன, நீ என்ன செய்ய விரும்புகின்றாய் என்று அவர்களைக் கேட்டிருக்கலாம். இதனை நினைத்துக்கொண்டே அப்பையனுக்கு யான் சொன்ன விடையை மறுபடி எண்ணிப் பார்த்தேன். திறமை இறைவன் தந்தது என்பது சரி. எங்களுக்குத் தந்ததாக அல்லவா பேசிவிட்டேன்! பள்ளிக்கூடத்தின் பெயர், மாகாணத்தின் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாம் அவன் முட்டியிலே தொங்கவேண்டும் என்று விரும்பினோம். பரஞ்சோதியாரின் கைவன்மை மன்னவன் கொடுத்த கடன் அன்று. அதனாலேதான் மன்னவனாற் பொறுத்தருளும் என்று கேட்க முடிந்தது.

மறுநாள் பையனை அழைத்தேன். “தம்பி, நேற்றுச் சொன்னதை மறந்துவிடு. கோழையோ எண்டு கேட்டாய். இல்லை” என்றேன். மேலும் நீட்டிச் சொல்ல எண்ணியிருந்தேன். அவன் முகத்தைக் கண்டதும் தேவைப்படவில்லை. வெங்காயம் என்ன விலை போகிறது என்று கேட்டேன். அதைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினான். அவன் அவ்வளவு பேசி யான் கேட்டதில்லை.

சென்ற வாரம் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். பயிற்சிக்குத் தெரிவானவன் போகாவிட்டால் வகுப்பாசிரியர் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டுமாம். விருப்பமின்மை என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்து, “ஐயா, இது ஒரு காரணமோ? சுகமில்லை எண்டு போடுங்கோவன்” என்றார்.

“சுகமாய்த்தானே இருக்கிறான்” என்று சொல்லிக் கையொப்பத்தை இட்டுக் கொடுத்தேன்.