முதலில் மவுண்டைப் பாருங்கள்
கியர் மாற்றும்போது கார் குலுங்கினால், என்ஜின் டேம்பர் வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடும் ஆசை கார்ப் பிரியர்களுக்கு வந்துவிடுகிறது. வேலை எளிதுதான்: ஜப்பானின் கஸ்கோ போன்ற நிறுவனங்கள் மாடலுக்கேற்ற பிராக்கெட்டோடு விற்கும் இந்தக் குட்டி ஷாக் அப்சார்பரை என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே சில போல்ட்டுகளில் பூட்டிவிடலாம். குறுக்காக அமர்ந்த என்ஜின், ஆக்சிலேட்டரை மிதித்ததும் முன்னும் பின்னும் ஆடும். அந்தத் திடீர் ஆட்டத்தை டேம்பர் அடக்கும். ஆனால் என்ஜினின் எடையைத் தாங்குபவை ரப்பர் மவுண்ட்டுகள். அவை கிழிந்திருக்கும்போது டேம்பர் மாட்டுவது, ஒழுகும் கூரைக்கு வெள்ளையடிப்பது. குலுக்கம் குறைந்ததுபோல் தெரியும், பழுது வளரும், அதிர்வும் கேபினுக்குள் ஏறலாம். ஆகவே முதல் செலவு மவுண்ட்டுக்கே. அது நன்றாக இருந்தும் ஆட்டம் உறுத்தினால் மட்டும் டேம்பர். அதையும் என்ஜின் ஆறிய பின், டார்க் ரெஞ்ச் வைத்து, கையேடு சொல்லும் அளவுக்கே முடுக்குங்கள்.