ஆள் இருக்கு

வேம்பாரில் நாங்கள் வளர்ந்த வீட்டின் குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அம்மா குளிக்கப் போனால், முற்றத்தில் யார் காலடி கேட்டாலும் உள்ளேயிருந்து 'ஆள் இருக்கு' என்பாள். சோப்பு நுரை வாய்க்குள் போனாலும் சொல்வாள். அதே வீட்டில் அப்பாவின் வள்ளத்து எஞ்சின் துடைக்கப்பட்டு, எண்ணெய் பூசப்பட்டு, சாக்குப் போர்த்தி உறங்கியது. எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அது எங்கே போகவேண்டும் என்று முடிவுசெய்த இடத்தில் அம்மா இல்லை.

கடலோர வீட்டில் உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். இரும்பு சீக்கிரமே துருவேறும். கீல், கொக்கி, தையல் மிஷின், தேங்காய்த் துருவி என்று ஒவ்வொன்றையும் தேங்காய் எண்ணெயாலும் மண்ணெண்ணெய்த் துணியாலும் மெழுகுவர்த்தித் துண்டாலும் காப்பாற்றியவர்கள் பெண்கள். அந்த அறிவுக்குப் பெயர் 'வீட்டுக்குறிப்பு'.

1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி நீரை விரட்டித் துருவைத் தடுக்கும் திரவம் ஒன்றை உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோலுக்குப் பூசினார்கள். நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் டபிள்யூ.டி.-40 என்று பெயர். 1958இல் ஸ்ப்ரே டப்பாவாகக் கடைக்கு வந்தது. முப்பத்தொன்பது தோல்விகளையும் பெயரிலேயே பெருமையாகச் சுமக்கிறது அந்த டப்பா. ஒருநாள் குழம்பில் உப்புக் கூடினால் நம் பெயர் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்த டப்பாவை வாங்கப் போனேன். "சார் வண்டிக்கா டீச்சர்?" என்றார் கடைக்கார அண்ணாச்சி. "இல்ல அண்ணாச்சி, பாத்ரூம் தாழ்ப்பாளுக்கு" என்றேன். சிரித்தார்.

இதற்கு 2000க்கும் மேற்பட்ட பயன்கள் உண்டென்று நிறுவனமே பட்டியல் போட்டிருக்கிறது. கண்ணாடி ஜாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையை எடுக்கலாம், கிரீச்சிடும் கீலை அடக்கலாம், சுவரில் குழந்தை தீட்டிய கிரேயானைத் துடைக்கலாம். சரி, துடைப்பது யார்? பயன்களின் பட்டியல் நீளநீள நம் வேலைகளின் பட்டியலும் நீள்கிறது. எஞ்சினுக்கு அடித்தால் தொழில்நுட்பம், சன்னலுக்கு அடித்தால் பொம்பளை வேலை என்கிற கணக்கை எந்த டப்பாவும் கரைக்காது.

ஆகவே எல்லாப் பயன்களும் வேண்டாம். ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். இறுகிய தாழ்ப்பாளில் அடித்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, முன்னும் பின்னும் அசையுங்கள். கழன்றதும் இளகிய துருவைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஸ்ப்ரே மட்டும் நெடுநாள் நிற்காது. எரியும் அடுப்பருகே அடிக்காதீர்கள், தீப்பற்றும். தேங்காய்த் துருவிக்கு வேண்டாம். உணவு படும் இடம், தேங்காய் எண்ணெயே போதும்.

'ஒரு தாழ்ப்பாளுக்குப் போய்ப் பெண்ணியமா?' என்று கேட்பார்கள். பேருந்து நிலையக் கழிப்பறையில் தோழி வெளியே கதவைப் பிடித்து நிற்க, உள்ளே அவசர அவசரமாக முடித்து வந்த எந்த மாணவியிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். பூட்ட முடியாத கதவுக்குள் இருக்கும் உடம்பு ஒரு காதை எப்போதும் வெளியே வைத்திருக்கிறது. கல்லூரியில், விடுதியில், அலுவலகத்தில் தாழ்ப்பாள் விழவில்லை என்றால் டப்பாவை நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எழுதிக் கொடுங்கள். பராமரிப்புக்குச் சம்பளம் வாங்குகிறவர் வந்து சரிசெய்யட்டும்.

வீட்டுத் தாழ்ப்பாளை அன்று நானே கழற்றினேன். அம்மா உள்ளே போய்த் தாழிட்டாள். பழக்கத்தில் அப்போதும் உள்ளேயிருந்து 'ஆள் இருக்கு' என்றாள்.