விஷத் தூளுக்கும் வேண்டும் வெடிப்புச் சோதனை

தெலங்கானாவின் பாசமைலாரம் தொழிற்பேட்டையில் 2025 ஜூன் 30 காலை ஓர் ஆலை வெடித்துச் சிதறியதில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிழைப்புக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். அந்த ஆலையில் தயாரானது மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ். மரக்கூழிலிருந்து எடுத்து மாத்திரைகளில் சேர்க்கும், சாப்பிட்டாலும் தீங்கு செய்யாத தூள்.

ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள மருந்து ஆலைகளில் எல்லாத் தூளும் இப்படிச் சாதுவானதல்ல. வீரியமான மூலமருந்துகள் சில, மூச்சில் துளி கலந்தாலே உடலைக் கெடுக்கும். இவற்றுக்கு முகமூடி, கையுறை தருகிறார்கள். வெடிப்பு அபாயத்தையும் அதே அக்கறையோடு பார்க்கிறார்களா?

எரியக்கூடிய நுண்தூள் மூடிய இடத்தில் மேகமாக எழும்பி, ஒரு பொறி பட்டால் போதும், வெடிக்கும். பல கரிமத் தூள்களில் அழுத்தம் 7 முதல் 9 பார் வரை ஏறும். அதில் சிறு பங்கைக்கூடச் சாதாரணச் செங்கல் சுவர் தாங்காது. முதல் அதிர்வு உத்தரங்களில் படிந்த தூசியைக் கிளப்பிவிட, இரண்டாவது வெடிப்பு இன்னும் பெரிதாக வரலாம்.

இதை முன்கூட்டியே அறியச் சோதனை உண்டு. 20 லிட்டர் உருண்டைக் கலத்துக்குள் தூளைக் காற்றழுத்தத்தால் தூவிப் பற்றவைத்து, அழுத்தம் ஏறும் வேகத்தை அளப்பார்கள். தூளைப் பற்றவைக்க எவ்வளவு சிறிய பொறி போதும் என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள். தூள் நச்சு என்றால் கலத்தை நிரப்புவதும், பின்பு திறந்து கழுவுவதும் சோதிப்பவருக்கே ஆபத்து. அதற்காகச் சோதனையைத் தவிர்ப்பதோ, வேறொரு தூளின் அளவீட்டை வைத்து ஒப்பேற்றுவதோ தீர்வாகாது. துகளின் அளவும் ஈரப்பதமும் மாறினாலே அபாயமும் மாறிவிடும்.

கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள் தூளைக் கையாளலாம். அறையில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்து, வெளியேறும் காற்றையும் புகையையும் வடிகட்டலாம். முதலில் சிறிதளவில் பார்த்து, பற்றும் தூளை மட்டும் பெரிய கலத்துக்கு அனுப்பலாம்.

வெடிக்கும் தூசியை அடைத்துவைக்கவும், அகற்றவும், பொறி எழாமல் காக்கவும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆவது பிரிவே வகை செய்தது. எந்தத் தூள் எப்படிப் பற்றும் என்று தெரியாமல் இதை எப்படி நிறைவேற்றுவது?

நச்சுத் தூளையும் இப்படிப் பாதுகாப்பாகச் சோதிக்கும் வசதியுள்ள பொதுச் சோதனைக்கூடத்தை மருந்து ஆலைகள் நிறைந்த பகுதியில் அரசு அமைக்க வேண்டும். சோதனை அறிக்கை இல்லாத புதிய தூளின் உற்பத்திக்கு அனுமதி தரக்கூடாது. அறிக்கையின் முடிவைத் தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, அந்தத் தூளை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை தொடங்கும் முன்பே படித்துக் காட்ட வேண்டும்.