'ஒர்க்கர்' என்றால் தொழிலாளியே

ஆங்கிலத்தில் 'ஒர்க்கர்' ஒரு சொல். தமிழில் அது தொழிலாளி, ஊழியர், பணியாளர் எனப் பிரிகிறது. எங்கு எதை எழுதுவது என்பது நடை பற்றிய கேள்வி மட்டுமன்று. வர்க்க அரசியல் பற்றிய கேள்வி.

1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலில் இன்றும் தமிழும் கன்னடமும் அருகருகே வழங்குகின்றன. அங்கே கூலிக்குப் பட்டு நெய்பவரைத் தொழிலாளி என்போம், கன்னடத்தில் 'கார்மிக'. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு உணவூட்டி எடை பார்க்கும் பெண்ணோ 'காரியகர்த்தெ'. ஊதியமின்றி உழைக்கும் கட்சித் தொண்டருக்கும் கன்னடத்தில் இதே சொல்தான். அப்பெண் பெறுவதும் கூலியன்று, 'கௌரவ தன', அதாவது மதிப்பூதியம். தொண்டர் என்று பெயரிட்டுவிட்டால் குறைந்தபட்சக் கூலி தரவேண்டியதில்லை. பெயரின் பயன் இதுவே.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் அதனைச் சுமப்போர் 'கௌரவ' உழைப்பாளிகளே. 2005இல் வந்த 'ஆஷா' திட்டத்தில் 'ஒர்க்கர்' என்ற சொல்லையே தவிர்த்து, 'ஆக்டிவிஸ்ட்' என்று பெயரிட்டார்கள். செய்த வேலையை எண்ணிக் கொடுக்கும் கூலிக்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர்.

கர்நாடக அரசு தொடுத்த வழக்கில், அங்கன்வாடியினர் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில், மதிப்பூதியமும் ஊதியமே, 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்றது. திட்டப் பணியாளரைத் தொழிலாளராக ஏற்கவேண்டும் என 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இலேயே பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு இன்னும் அதனைச் செயல்படுத்தவில்லை.

'ஊழியர்' என்பது மதிப்பான சொல்லாயிற்றே எனச் சிலர் கேட்கலாம். திருவிதாங்கூரில் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பின் பெயர் 'ஊழியம்'. அச்சொல்லுக்கு இன்றுள்ள மதிப்பு, சங்கங்கள் போராடிப் பெற்றுத் தந்தது. ஆகவே சங்கப் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அரசு இவர்களைத் 'தன்னார்வலர்' என்று எழுதுவதை நம் ஏடுகளும் துண்டறிக்கைகளும் அப்படியே பெயர்க்கலாகாது. அது ஆளும் வர்க்கத்தின் வாதத்தை நம் கையால் எழுதுவதாகும்.

உழைப்புச் சக்தியை விற்று வாழ்பவர் தொழிலாளி. அவர் பெண் என்பதாலோ, குழந்தையைப் பேணுவது அவர் வேலை என்பதாலோ இந்த வரையறை மாறிவிடாது. தோழர்களே, தொழிலாளி என்றே எழுதுவோம். குறைந்தபட்ச ஊதியம், ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்பு என அச்சொல்லுக்குரிய உரிமைகள் அனைத்தையும் பெறும்வரை போராடுவோம்.